தண்டு தேய்த்த கை

பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் அரபிக்கா காப்பி வைத்திருப்பவர்களிடம் ‘போரர்’ என்று சொன்னால் போதும், முகம் மாறிவிடும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பது புத்தகத்தில் உள்ள பெயர். தோட்டத்தில் அது போரர்தான். கறுத்த மெல்லிய வண்டு, முதுகில் வெள்ளை வரிகள் ஓடும். தண்டில் உரிந்து நிற்கும் பட்டையின் இடுக்கில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். புழு உள்ளே இறங்கி மரத்தைக் குடைந்துகொண்டே போகும். தண்டில் புடைப்பு தெரிவதும் இலை மஞ்சளாவதும் நம் கண்ணில் படும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதுதான் பாக்கி. ஒரு செடி காய்ப்புக்கு வர மூன்று நான்கு வருடம் ஆகிறது. எரிக்கும்போது வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இதற்கு மருந்தை நம்பாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை, அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஒருமுறை என வண்டு பறப்பதற்கு இரண்டு பருவங்கள். அதற்கு முன்பாகத் தேங்காய் நாரில் செய்த கையுறையை மாட்டிக்கொண்டு, தண்டையும் பருத்த கிளைகளையும் தேய்த்து, உரிந்த பட்டையை வழித்துவிட வேண்டும். தண்டு வழவழப்பாக இருந்தால் முட்டை வைக்க இடுக்கு கிடைக்காது. காப்பி வாரியத்து ஆட்களும் இதைத்தான் சொல்வார்கள். தாண்டிக்குடியில் வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருப்பதால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிய செய்தியில்லை.

இதற்கு எந்திரம் கிடையாது. கவாத்துப் பண்ணி வைத்த செடிக்குள் குனிந்து, இலையை விலக்கி, தண்டை இறுக்கிப் பிடித்து மேலும் கீழும் இழுக்க வேண்டும், பக்கவாட்டில் திருக வேண்டும். பச்சைத் தோல் பிய்ந்துவிடக் கூடாது, மேல்பட்டை மட்டும் வர வேண்டும். ஆகவே பிடியில் பலமும் வேண்டும், பதனமும் வேண்டும். சரிவில் ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே வைத்து நிற்கிறபோது உடம்பின் பாரத்தையும் பாதி நேரம் அந்தக் கைதான் தாங்கும். எங்களுடையது சின்னத் தோட்டம். ஆள் கிடைக்காத வருடத்தில் வீட்டு ஆட்களே தேய்ப்போம். அப்படி ஒரு புரட்டாசியில்தான் என் வலது முன்கை போனது.

ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் காலையில் எழுந்ததும் ஒரு விறைப்பு. அடுப்படிச் சூட்டில் அது தளர்ந்துவிடும். அப்புறம் தாழ்ப்பாளைத் திருகும்போது ஒரு சுண்டல். அப்புறம் ஒரு நாள் பில்டரில் இறங்கிய டிக்காஷனை ஊற்ற எடுத்தபோது, முழங்கைக்குக் கீழே யாரோ நரம்பைப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு வலி. பில்டரை அப்படியே மேடையில் வைத்துவிட்டேன். கை நடுங்கியது. அன்றிலிருந்து டம்ளரைப் பிடிப்பது, தலை சீவுவது, குழம்புச் சட்டியை இறக்குவது எல்லாமே ஒரு கணம் யோசித்துச் செய்யும் காரியங்களாகிவிட்டன.

வலி வந்த இடம்தான் எனக்கு வியப்பாக இருந்தது. தேய்த்தது உள்ளங்கை, இறுக்கியது விரல்கள். வலித்ததோ முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பு முனையிலும் அதற்கு இரண்டு விரல்கடை கீழேயும். இதன் காரணம் பிற்பாடு தெரிந்தது. விரல்களை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் விரல்களில் இல்லை. அவையெல்லாம் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. ஒரு பொருளை இறுக்கிப் பிடிக்கும்போது உள்பக்கத்துத் தசைகள் விரலை மடக்குகின்றன. அந்த இழுப்பில் மணிக்கட்டும் சேர்ந்து மடங்கிவிடாமல் வெளிப்பக்கத்துத் தசைகள் பின்னாலிருந்து இழுத்து நிறுத்துகின்றன. அதாவது எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறோமோ அவ்வளவு பாரம் முன்கையின் முதுகுப் பக்கத்துக்கும் ஏறுகிறது. அந்தத் தசைகளில் பல, முழங்கையின் வெளி எலும்பு முனையில் ஒன்றாக வந்து சேர்ந்து பிடித்துக்கொள்கின்றன. நாள் முழுக்கத் தண்டைப் பிடித்துத் திருகினால் நோவது அந்தப் பிடிமானம்தான்.

“சுளுக்குத்தாண்டி. ரெண்டு நாள் உப்பு ஒத்தடம் வச்சா சரியாப் போவும்” என்றார் அத்தை. கல் உப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் என் கையில் வைப்பார். ஐப்பசி மழையும் பனிமூட்டமும் ஒன்றாக வந்து நிற்கும் எங்கள் ஊரில் அந்தச் சூடு எவ்வளவு இதம் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். மறுநாள் புளியும் உப்பும் மஞ்சளும் கரைத்துக் கொதிக்க வைத்த பற்று. அது காய்ந்து தோலை இழுக்கும்போது வலி அடங்குகிற மாதிரி இருக்கும். கழுவியதும் பழையபடி வந்துவிடும். வத்தலக்குண்டிலிருந்து வந்த பேருந்தில் யாரிடமோ சொல்லி நொச்சி இலையும் வரவழைத்தார்.

பிறகு தெருவில் இரட்டைப் பிள்ளை பெற்ற பெரியம்மா ஒருவர் வந்தார். இரட்டைப் பிள்ளை பெற்றவர் வழித்துவிட்டால் சுளுக்கு போகும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் இன்றும் இருக்கிறது. விளக்கெண்ணெயைச் சூடு காட்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மெல்ல உருவிவிட்டார். சதைப் பகுதியில் அவர் விரல் போனபோது கண் சொக்கியது. எலும்பு முனைக்கு வந்து கட்டைவிரலால் அழுத்தியபோது உயிர் போய் வந்தது. “அங்க மட்டும் வேணாம் பெரிம்மா” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நோவுற எடத்த விட்டுட்டுச் சுத்தி வழிக்கிறேன் தாயி” என்று அப்படியே செய்தார். கை வைத்தியத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சூடும் தடவலும் இறுகிய தசையைத் தளர்த்துகின்றன, இரவில் தூங்க வைக்கின்றன. அந்த உதவி சின்ன உதவி அல்ல. ஆனால் நொந்த தசைநாணை அவை பலப்படுத்துவதில்லை என்பதும் உண்மை.

கொடைக்கானலில் இருக்கும் சித்தப்பா மகன் கேள்விப்பட்டு ஒரு பாட்டில் வின்டர்கிரீன் தைலம் கொண்டுவந்தான். கொடைக்கானல் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்களே, அதேதான். இந்தத் தைலத்துக்கும் எங்கள் மலைக்கும் உறவு உண்டு. வின்டர்கிரீன் வகைச் செடியான கால்தேரியா ஃப்ராக்ரன்டிசிமா பழனி மலையின் மேல்பகுதியில், சோலையின் ஓரங்களில் தானாகவே வளர்கிறது. செண்பகனூர் யேசு சபையோடு தொடர்புடைய தாவரவியலாளர் கே. எம். மேத்யூ பாதிரியார் பழனி மலைத் தாவரங்களைப் பற்றி 1999ல் வெளியிட்ட பெரிய நூலைப் பற்றிச் சித்தப்பா மகன்தான் எனக்குச் சொன்னான். அவனோடு மன்னவனூர் போகும் வழியில் ஒருமுறை இறங்கி அந்தச் செடியைப் பார்த்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று சின்னக் குடம் கவிழ்த்தது போன்ற பூக்கள் கொத்தாகத் தொங்கும். காய் கருநீலம். ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும் இலையைக் கசக்கி மோந்தால் அயோடெக்ஸ் வாசம் குப்பென்று ஏறும். வாசம் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. இரண்டிலும் இருப்பது மெத்தில் சாலிசிலேட். கடையில் விற்கும் தைலத்தில் பெரும்பகுதி ஆலையில் தயாராகும் மெத்தில் சாலிசிலேட்தான் என்றாலும் சரக்கு அதேதான்.

தடவினால் முதலில் குளிர்ச்சி, பிறகு சூடு. அந்த உணர்வில் வலி கொஞ்ச நேரம் பின்னுக்குப் போகும். ஆனால் இந்தப் பாட்டிலைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவுக்காரன். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி கலப்பில்லாத வின்டர்கிரீன் தைலத்தில் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு ஈடான சாலிசிலேட் இருக்கிறது. சின்னக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை அதிகம் தடவினால் ரத்தக்கசிவு வரலாம். தடவிய இடத்தில் உடனே ஒத்தடம் வைத்தால் தோல் வெந்துவிடும், மருந்தும் அளவுக்கு மேல் உள்ளே போகும். மாமாவுக்கு இதய வால்வு அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து வார்ஃபரின் ஓடுகிறது. அதனால் அந்தப் பாட்டிலைப் பரணில், என் ஒருத்திக்கு மட்டும் என்று சொல்லி வைத்தேன். சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் சாக்லேட் பொட்டலத்தோடு இதையும் வாங்கிப் போய்க் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுகிறார்களே என்று நினைத்தால் பதறுகிறது.

இத்தனைக்கும் பிறகும் வலி நிற்கவில்லை. காப்பிப் பழம் பழுத்து நிற்கிறது, பறிப்பு தொடங்கிவிட்டது. மலைக்குக் கீழே ஒரு மருத்துவமனைக்குப் போனோம். கையைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே “ஊசி போட்டுக்கலாமா?” என்று கேட்டார்கள். ஸ்டீராய்டு ஊசி. ஒரு வாரத்தில் வலி போய்விடும் என்றார்கள். பறிப்பு நேரத்தில் அதைவிட இனிய சொல் உண்டா? ஆனால் என் நாத்தனார் மதுரையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். “பொறு, இன்னொருத்தர்கிட்டயும் காட்டிருவோம்” என்று சொல்லிவிட்டார்.

அந்த இன்னொரு மருத்துவர் இளம்பெண். முழங்கையை நேராக நீட்டச் சொல்லி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி வைத்து, நடுவிரலை மட்டும் மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். தூக்கிய விரலைத் தன் ஒற்றை விரலால் கீழே அழுத்தினார். அவ்வளவுதான். விரலில் பட்டது, முழங்கையில் வெட்டியது. பிறகு கழுத்தைத் திருப்பச் சொன்னார், விரல்கள் மரத்துப் போகிறதா, பிடி திடீரென்று விட்டுப் போகிறதா, எங்காவது விழுந்தீர்களா, வீக்கமோ காய்ச்சலோ இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். “அப்படின்னா பயப்பட ஒண்ணுமில்ல. மரத்துப்போச்சுன்னா, மணிக்கட்டு தூக்க முடியாமத் தொங்குச்சுன்னா அது வேற விஷயம், உடனே வரணும்” என்றார். படம் எடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னார்.

சீட்டில் டென்னிஸ் எல்போ என்று எழுதியிருந்தது. 1873ல் இதை முதன்முதலில் விவரித்த ஜெர்மன் மருத்துவர் ருங்கே, எழுத்து வேலை பார்ப்பவர்களின் தொல்லையாகவே இதைக் கண்டார். டென்னிஸ் அதற்கு அடுத்த பத்தாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. ஊசி பற்றிக் கேட்டேன். பிரிஸ்பேன் நகரில் 198 பேரை மூன்று பிரிவாக வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைச் சொன்னார். 2006ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது அது. ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு உடற்பயிற்சி சிகிச்சை, இன்னொரு பிரிவு பொறுத்திருந்து பார்த்தது. ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு வலி திரும்பியது, வருடம் முடியும்போது மற்ற இரண்டு பிரிவினரையும்விடப் பின்தங்கிவிட்டார்கள். “ஊசி போட்டா வலி தெரியாது. தெரியாதுன்னு நீங்க மறுபடி தோட்டத்துக்குப் போயிருவீங்க” என்று அவர் சொன்னது என் மனசைப் படித்துச் சொன்ன மாதிரி இருந்தது.

முழு ஓய்வா என்று கேட்டதற்கும் இல்லை என்றார். பல வருடமாகச் சுளுக்கு, தசைப்பிடிப்பு எதற்கும் ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கி வைத்தல் என்ற நான்கையே மருத்துவ உலகம் சொல்லி வந்தது. 1978ல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் தன் நூலில் அந்த நான்கையும் சேர்த்துச் சொன்னார். அவரே பிற்காலத்தில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். தான் சொன்னதைத் தானே திருத்திக்கொண்ட அந்த மருத்துவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. தசைநாணுக்குப் பாரமே இல்லாவிட்டால் அது மேலும் மெலியும், அளவுக்கு மீறினால் நையும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அதைத் தேடிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

இங்கேதான் வீடு என்று ஒன்று குறுக்கே வருகிறது. கைக்கு அளவாக வேலை கொடு என்று சீட்டில் எழுதிவிடலாம். வீட்டில் வேலை அளவாக இல்லையே. நான் விட்ட வேலையை இன்னொரு கை எடுத்தால்தான் என் கைக்கு ஓய்வு. எங்கள் வீட்டில் அன்று ராத்திரி, எந்தெந்த வேலை கையை நோகடிக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். தேங்காய் துருவுவது. இடியாப்பம் பிழிவது. சப்பாத்தி திரட்டுவது. ஊறுகாய் ஜாடி மூடியைத் திருகுவது. மாவுப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்துத் தூக்குவது. எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி பிழிவது.

துணி பிழிவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மலையில் துணி காயாது. மேகம் வீட்டு வாசல் வரை வந்து கொடியில் கிடக்கும் துணியை மறுபடி நனைத்துவிட்டுப் போகும். அதனால் ஒரு சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து போட வேண்டும் என்று பழகியவர்கள் நாங்கள். நனைந்த போர்வையும் ஸ்வெட்டரும் என்ன கனம் கனக்கும்! ஒரு கை முன்னாலும் ஒரு கை பின்னாலும் திருகும்போது, தண்டு தேய்ப்பதில் வரும் அதே இழுப்பு அதே இடத்தில் விழுகிறது. பகலெல்லாம் தோட்டத்தில் வாங்கிய அடியைச் சாயங்காலம் துவைக்கிற கல்லில் மறுபடி வாங்கியிருக்கிறது என் கை.

கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மகள் போர்வைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். பிழியாமல், குழாய்க்கடியில் ஒரு கம்பியில் மடித்துத் தொங்கவிட்டு நீர் வடிந்த பிறகு கொடிக்குக் கொண்டுபோனாள். அடுப்படிக்கு மேலே இன்னொரு கொடி கட்டினார் என் வீட்டுக்காரர். தேங்காய் துருவுவதும் அவர் வேலையானது. முதல் நாள் ஓடும் சேர்ந்து வந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, எடுத்துப் பொறுக்கிவிட்டுச் சட்னி அரைத்தார். எழுபதைத் தாண்டிய மனுஷி, தன் காலத்தில் எந்த ஆண்பிள்ளையும் திருவலகட்டையில் உட்கார்ந்து பார்த்திராதவர். அவர் அப்படிப் பேசாமல் இருந்தது எனக்குப் பெரிய ஆதரவு. எனக்கென்று மிஞ்சிய வேலைகளிலும் பிடிக்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். பாத்திரத்தை மேலிருந்து கவ்வித் தூக்காமல், முழங்கையை உடம்போடு ஒட்டி மடக்கி, உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தூக்கினால் வலிக்காது. பாரம் வெளிப்பக்கத்துத் தசையிலிருந்து புஜத்துக்குப் போய்விடும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குகிறோம் என்று எண்ணிப் பார்த்தால் சின்னது இல்லை.

பயிற்சி இரண்டு கட்டமாக வந்தது. முதலில் அசைவே இல்லாதது. மேசை மேல் முன்கையை வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, புறங்கையின் மேல் இடது கையை வைத்து அழுத்துவது. வலது கை மேலே எழப் பார்க்கும், இடது கை விடாது. முக்கால் நிமிடம் அப்படியே பிடித்திருந்து, விட்டு, மறுபடி. ஒரு கை வலிக்கு இதுவும் மருந்தா என்று அத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் செய்து முடித்த பிறகு சிறிது நேரத்துக்கு வலி தணிவதை உணர முடிந்தது. அது போதும் என்று தோன்றிய பிறகு அடுத்த கட்டம். மணிக்கட்டு மேசை விளிம்புக்கு வெளியே தொங்க, கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். இடது கையால் அதை மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெல்ல, மிக மெல்ல, கீழே இறக்க வேண்டும். தூக்குவதில் இல்லை விஷயம். இறக்குவதில்தான் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அந்த வேலைதான் தசைநாணைத் தேற்றுகிறது. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் தண்ணீரைக் குறை என்பது கட்டளை. பாட்டிலில் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கலாம் என்பதே ஒரு வசதி. பிற்பாடு ஒரு துண்டைச் சுருட்டி மெதுவாக முறுக்கும் பயிற்சியும் வந்தது. நோகடித்த அதே பிழிதலை, காய்ந்த துண்டில், என் இஷ்டத்துக்கு, நிறுத்த முடிந்த அளவில் செய்தேன்.

பொங்கலுக்குப் பால் பானையை இரண்டு கையாலும் இறக்கினேன். பங்குனி பூ மழைக்குக் காப்பி பூத்தபோது கவாத்துக் கத்தரியைக் கொஞ்ச நேரம் பிடிக்க முடிந்தது. வைகாசி வாக்கில்தான் இடியாப்ப உரலைத் தொட்டேன். இது மெல்ல ஆறும் நோவு. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்துக்குள் சரியாகிவிடுகிறது என்று மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை யாராவது முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பதற்றம் இல்லை.

என் கையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். எழுத வைத்தது இன்னொரு கை. எங்கள் தோட்டத்துக்குப் பழம் பறிக்க வரும் அக்கா ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்தப் பறிப்பில் நான் களத்தில் உட்கார்ந்து பழம் பிரித்துக்கொண்டிருந்தபோது, அவர் வலது முழங்கைக்குக் கீழே பழைய சேலைக் கிழிசல் ஒன்று இறுக்கிக் கட்டியிருந்ததைப் பார்த்தேன். அது எப்போதும் இருப்பதுதான். இந்த முறைதான் கண்ணில் தைத்தது. மருத்துவர் எனக்கு வாங்கிப் போடச் சொன்ன பட்டை இருக்கும் அதே இடம். எலும்பு முனைக்கு இரண்டு விரல்கடை கீழே கட்டினால், தசையின் இழுப்பு முனைக்குப் போகாமல் கட்டிலேயே கொஞ்சம் தடைபடும் என்பதுதான் அந்தப் பட்டையின் சூட்சுமம். “இது எதுக்குக்கா?” என்றேன். “கெட்டாட்டி கூடையத் தூக்க முடியாது தாயி. சாயந்தரம் அவுத்துருவேன், இல்லாட்டி வெரலு மரத்துப் போவும்” என்றார். கட்டுவதும் தெரிந்திருக்கிறது, அவிழ்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லித் தரவில்லை. எத்தனை வருடமாக வலிக்கிறது என்ற கேள்விக்கு, சின்ன மகளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே என்று பதில் சொன்னார்.

காப்பிப் பழத்தை உருவிப் பறிக்கக் கூடாது. பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகத் திருகி எடுக்க வேண்டும். உருவினால் அடுத்த வருடம் பூக்கும் கணு காயப்படும். தோட்டக்காரருக்கு நல்லது அது. பறிப்பவரின் முன்கைக்கு அது ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான திருகல்கள். பறிப்புக் கூலி கிலோக் கணக்கு. கை நிதானித்தால் கூலி குறையும். வீட்டுக்குப் போனால் விறகு, தண்ணீர், துணி. என் கைக்கு மாற்றாக மகளும் வீட்டுக்காரரும் அத்தையும் இருந்தார்கள். அவருக்கு யார்? அவர் கையில் நோவு ஆறாமல் பழகிப்போய்க் கிடந்ததற்கு மருந்து தெரியாதது காரணம் இல்லை, மாற்றிவிட ஒரு ஆள் இல்லாததுதான்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தருவதோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் அதில் உண்டு. மாமாவுக்கு மாத்திரை கொடுக்க வரும் பெண்ணிடம் அக்காவைப் பற்றிச் சொல்லி வைத்தேன். பேருந்து போகாத மேட்டுக்கு நடந்தே போய் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் அவரைப் பார்த்தார். பாட்டிலுக்குப் பதிலாகக் கைக்கு அடங்கும் ஓடைக்கல் ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு அக்கா செய்கிறார். அடுப்பு எரியும் நேரத்தில் செய்வாராம்.

எங்கள் தோட்டத்திலும் சிலதை மாற்றினோம். தண்டு தேய்ப்புக்குச் செடிக் கணக்கில் பேசுவதை விட்டு நாள் கூலியாக்கினோம். ஒரே மூச்சில் முடிக்காமல் பல வாரங்களுக்குப் பரத்தினோம். காலையில் தேய்ப்பவர்கள் மதியத்துக்கு மேல் உரம் வைப்பது, களை எடுப்பது என்று வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்றதற்கு எல்லோரும் முதலில் முகம் சுளித்தார்கள், இடது கைக்கு வேகம் வராது என்று. வேகம் வராவிட்டால் பரவாயில்லை என்றோம். செலவு கூடத்தான் கூடியது. அதைச் செலவாக நான் எண்ணுவதில்லை. காப்பி விலையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் நாம், அந்தக் காப்பியைப் பறித்த முன்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

இந்தப் புரட்டாசித் தேய்ப்புக்கு முன்னால் அக்கா வீட்டுக்கு வந்து கையுறைகளை எடுத்துப் பார்த்தார். போன வருடத்துக் கையுறைகளில் நார் தேய்ந்து மழுங்கியிருந்தது. “இத வச்சுத் தேச்சா ரெண்டு பங்கு இறுக்கிப் புடிக்கணும் தாயி. நாரு புதுசா இருந்தா லேசாப் புடிச்சாலே பட்டை வந்துரும்” என்றார். எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லாத ஒன்று அது. வீட்டுக்காரர் அடுத்த பேருந்துக்கே வத்தலக்குண்டு புறப்பட்டார், ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கிவர.